கை காட்டித் திரும்பியவர்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் பலர் அவரை முடங்கிய வலது கையுடன்தான் கண்டிருப்பீர்கள். அந்தக் கை எப்படிப் போனது என்று நாங்கள் வெளியில் பேசியதில்லை. மூத்த மகளான நான் இங்கே எழுதுகிறேன்.

நிவித்திகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து அறையொன்றில் அப்பா பிறந்தார். ஏழு வயதில் தாயை இழந்தார். கொழுந்து லொறி ஓட்டி எங்களைப் படிக்க வைத்தார். பிறகு இரத்தினபுரியில் பழைய கார்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு முதலாளியிடம் சாரதியானார். அவருடைய வளவின் பின்புறம் இரண்டு அறைகளில் குடியிருந்தோம்.

அதில் ஒரு கார் அப்பாவைவிட வயதில் மூத்தது. சிக்னல் லைட் அதற்கு ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அப்படிப்பட்ட வண்டிக்குக் கை காட்டினால் போதும், ஆனால் இருக்கிற லைட் எல்லாம் எரிய வேண்டும் என்பார் அப்பா. பிரேக் லைட் எரியாமல் போனதும் முதலாளியிடம் மூன்று தடவை கேட்டார்.

"வேற லைட் போட்டுருவோங்க ஐயா. சிக்னலும் சேர்த்துப் போடுவோம். இப்ப உள்ள புள்ளைகளுக்குக் கை காட்டினா விளங்காதுங்க."

"கண்ட லைட்டையும் போட்டா காரோட மதிப்பே போயிரும். ஒரிஜினல் வர்ற வரைக்கும் அப்படியே ஓட்டு."

ஒரு கல்யாணத்துக்காக அந்தக் காரை வரக்காப்பொலைக்குக் கொண்டு போனார். கண்டி வீதியில் வலப்பக்கம் திரும்ப, வேகத்தைக் குறைத்துக் கையை நீட்டினார். பின்னால் வந்த வேன் அதே பக்கமாக முந்த வந்து, கையோடு கதவையும் நசுக்கியது.

வேன் ஓட்டிய சிங்கள இளைஞர் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். "கையைக் கண்டேன் மாமா. முந்திப் போகச் சொல்றீங்கன்னு நினைச்சிட்டேன்." அப்பா அவரை ஒரு வார்த்தைகூட ஏசவில்லை.

பிரேக் லைட் பழுதென்று சாரதி தன்னிடம் சொல்லவேயில்லை என்று முதலாளி பொலிஸில் சொன்னார். அப்பா வீடு திரும்பியதும் முதலாளி எங்கள் அறைக்கு வந்தார். "குத்தத்த நீயே ஒத்துக்க. வீட்டை விடச் சொல்ல மாட்டேன்."

அம்மா வேண்டாமென்று கெஞ்சினார்.

"மூத்தவ பரீட்சை எழுதணும். இந்த நேரத்துல எங்க போறது?" என்றார் அப்பா.

நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். லைசன் போனது. நான் பரீட்சை எழுதி முடித்த மறு வாரம் அறைகளைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

பிறகு அப்பா ஒரு கடையில் காவலாளியாக இருந்தார். இருதய நோயில் படுத்த கடைசி நாட்களில் அம்மாவிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "நான் கையைக் காட்டினேன்தானே?"

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற அயலவர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பாடை சுமந்த தோட்டத்து உறவுகளுக்கும் எங்கள் நன்றி. வேன் ஓட்டிய அந்தத் தம்பியும் வந்து தோள் கொடுத்தார், அவருக்கும் நன்றி.

முதலாளி மலர்வளையம் அனுப்பியிருந்தார். அவருக்கும் ஒரு வரி நன்றி எழுதச் சொன்னார் அம்மா. நான் எழுதவில்லை.