மூன்று கோடி டிகிரி

சூரியனில் பிழம்பு வெடிக்கும்போது அங்குள்ள வாயு எவ்வளவு சூடாகிறது என்று கணக்கிடுவதுதான் என் ஆராய்ச்சி. விண்கலத்தில் உள்ள கருவி எக்ஸ் கதிர்த் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணி, அதனதன் ஆற்றலைக் குறித்து அனுப்பும். ஆற்றல் மிகுந்த துகள் நிறைய வந்தால் சூடும் அதிகம். நான் கண்டது மூன்று கோடி டிகிரி, மற்றவர்கள் கண்டதைப் போல இரண்டு மடங்கு. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. ஊருக்கெல்லாம் பத்திரிகை வைக்காத குறைதான்.

அன்று மதியம் கணவருக்குச் சோறு கொண்டு போனேன். நாமக்கல் சாலையில் எங்களுக்கு ஓர் எடைமேடை இருக்கிறது. கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிய இரண்டு குட்டி லாரிகள் வந்தன. முன்வண்டி இறங்குவதற்குள் பின்வண்டிக்காரர் அவசரப்பட்டு மேடையில் ஏறிவிட்டார். கணவர் திரையைப் பார்த்தாரே தவிர ஜன்னலைப் பார்க்கவில்லை. சீட்டு அச்சாகி வந்தது.

"ஏனுங்க, இந்தக் குட்டி வண்டியில இத்தன டன்னுங்களா?" என்றேன்.

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டுருச்சு. மேல நிக்கிறதெல்லாம் மெசினுக்கு ஒரே வண்டிதான்" என்று சீட்டைக் கசக்கினார்.

எனக்கு விண்கலத்துக் கருவி நினைவுக்கு வந்தது. பெரிய வெடிப்பில் துகள்கள் அடைமழையாகக் கொட்டும். சாதாரணத் துகள்கள் இரண்டு ஒரே கணத்தில் விழுந்தால், கருவியும் அவற்றை ஒரே பெரிய துகளாக எழுதிவிடும். அதைத் திருத்த ஒரு கணினி நிரல் உண்டு. ஒரு வெடிப்புக்கு மூன்று மணி நேரம் ஓடுகிறதே என்று சலித்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்து வைத்தவள் நான்தான். அதற்குப் பிறகு சூடு அழகாக ஏறியது. மறுபடி ஓட்ட மனசு வரவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து மிகப் பெரிய வெடிப்பு ஒன்றுக்கு நிரலை ஓடவிட்டேன். சாயங்காலம் மூன்று கோடி இறங்கி ஒன்றரைக் கோடியில் வந்து நின்றது. எல்லாரும் காணும் அதே ஒன்றரைக் கோடி. என் வழிகாட்டிப் பேராசிரியரின் எண்ணை எடுப்பதும் போனைக் கீழே வைப்பதுமாக இருந்தேன். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்குத்தான் அதிகம் பயந்தேன். அழைத்துவிட்டேன்.

நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார்: "இது உனக்கு எப்பத் தெரிஞ்சுதும்மா?"

இன்றைக்குத்தான் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்வதற்கு எடைமேடைக் கதையும் தயாராக இருந்தது.

"ரெண்டு வருசமாவே சந்தேகம் இருந்துச்சுங்க மேடம். பாக்கறதுக்குப் பயந்துட்டிருந்தேன்."

"தேர்வத் தள்ளி வைக்கச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.

எத்தனை நாளைக்கு என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.