ஓரடி தள்ளி

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் கராத்தே பைத்தியம் என்றால் தெரு சிரிக்காதா? சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. நாள் முழுக்க லிஃப்ட் கூண்டின் மேல் ஒண்டியாகக் குந்தி கிரீஸ் தடவுகிறவருக்குக் கைகாலை நீட்ட ஓரிடம் வேண்டாமா?

சண்டை போடும் வயதில்லை. அவர் பிடித்துக்கொண்டது கட்டா என்கிற தனியாள் பயிற்சி; அதற்கு எதிராளியே தேவையில்லை. இல்லாத ஆளை எதிர்த்துக் குத்து, தடுப்பு, உதை எல்லாம் வரிசை மாறாமல் செய்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்கவேண்டும்.

மனைவி படுக்கையில் விழுந்தபின் வகுப்புக்குப் போவது நின்றது. ஒற்றை அறை வீட்டில் கட்டில் போக மிஞ்சிய இடத்தில் செய்தார். சுவர் இடித்ததால், போகும்போது மூன்றாவது அடியைப் பாதியாக்கிக்கொண்டார். திரும்பும்போது எல்லா அடியும் முழுசு. ஆக, முடிக்கையில் அந்தக் குறைந்த பாதி, ஓரடி நீளம், தாண்டிக் கட்டிலோரம் வந்து நிற்பார். முழங்கையைக் கொஞ்சம் நீட்டிக்கொடுப்பார். அவள் படுத்தபடியே, பரீட்சை வைத்தவள் மாதிரி அதைத் தட்டுவாள்.

“பாஸ். போய் டீ போடுங்க.”

நான்கு வருஷம் தினமும் இப்படித்தான். “நான் இருந்தாலும் இல்லேன்னாலும் அந்தக் கறுப்பு பெல்ட்ட வாங்கிடணும்” என்றும் சொல்லிவைத்திருந்தாள். போன மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்தாள். கட்டிலை அவள் தம்பி எடுத்துப்போனான். வீடு திடீரென்று பெரிசாகி, உள்ளே நுழையவே பிடிக்காமல் போயிற்று. அவருடைய அடி மட்டும் பெரிசாகவில்லை.

கறுப்பு பெல்ட் தேர்வன்று வகுப்புக் கூடத்தின் தரையில், தொடங்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார்கள். அவர் செய்து முடித்தபோது கோடு ஓரடி பின்னால் கிடந்தது.

மாஸ்டர் வயதில் சின்னவர். “எல்லாம் சுத்தமா இருக்குண்ணே. அந்த மூணாவது அடிய மட்டும் ஏன் முழுங்குறீங்க? அங்க ஒண்ணும் இல்லையே.”

“இல்ல தம்பி. இப்ப ஒண்ணும் இல்ல.”

“இன்னொரு தடவ செய்ங்க. கோட்டுல முடிஞ்சா பெல்ட் உங்களுக்கு.”

மூன்றாவது அடியில் கால் தயங்கியது. முழுசாக வைத்தால் கட்டில் இல்லை, அவளும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் வாங்கச் சொன்னவளும் அவள்தானே. வைத்தார். சரியாகக் கோட்டின் மேல் வந்து முடிந்தது.

“பாஸ்ண்ணே” என்றார் மாஸ்டர். எல்லோரும் கைதட்டினார்கள். பெல்ட்டைக் கட்டிவிட வந்தவர், “அந்தக் கைய எறக்குங்கண்ணே” என்று இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அவர் முழங்கையை நீட்டியபடியே நின்றிருந்தார்.