பென்சில் குறி போட்ட இடம்

எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தைத் தேடுவது எனக்கு இருபது வருடப் பழக்கம். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஒரு நூல் பிசிறு இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆட்கள் வரும்போது சூப்பர்வைசர் நீட்டுகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. யாருமே பார்ப்பதில்லை. நின்று படித்தால் பீஸ் தேங்கும், பேச்சு வாங்க வேண்டும். குறி இருக்கும் இடத்தில் பெயரை எழுதிவிட்டு அடுத்தவளிடம் தள்ளிவிடுவோம்.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிய தேர்தலில் என் கணவர் என்னை நிறுத்தினார். பல வருடங்களாக அவர் கண் வைத்திருந்த பதவி. தான் நிற்க முடியாது என்று தெரிந்ததும் இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் என் வேட்புமனுவோடு வந்தார். அதிலும் பென்சில் குறி இருந்தது. சுவரொட்டியில் அவர் படம் ஆளுயரம், என் படம் ரேஷன் கார்டில் இருக்கிற அளவு. ஜெயித்தேன். மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

ஜெயித்த பெண்களுக்கு ஒன்றிய அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. பாடம் எடுத்த அம்மா ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்தார். அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்தித்தான் இந்த நாற்காலியில் பெண்கள் உட்கார வழி செய்தார்கள், இது யாரும் போட்ட பிச்சை இல்லை, உங்கள் உரிமை என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே வந்திருந்த கணவன்மார்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை அரிசி டப்பாவின் மேல் வைத்தேன். அங்கேயே கிடந்தது.

கம்பெனிக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் எனக்கென்ன வேலை, அதுதான் அவர் இருக்கிறாரே. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊராட்சிச் செயலாளர் தீர்மானப் புத்தகத்தைக் கம்பெனி கேட்டுக்கே கொண்டுவருவார். அவருடைய வண்டி சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவேன். சாப்பிட்ட கை ஈரமாக இருக்கும், புத்தகம் நனையக் கூடாதே என்று முந்தானையில் துடைத்துக்கொள்வேன். என் அக்கறை அவ்வளவுதான். அவரும் பென்சில் குறி போட்டே கொண்டுவருவார். கம்பெனிக்காரிக்கு எது வசதி என்று தெரிந்த மனிதர்.

செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே உட்காருகிறவள் எங்கள் ஊர்க்காரி, என்னைவிட நாலு வயது இளையவள். ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பஸ்ஸில் போவோம். என் டிபன் பாக்ஸில் கேட்காமல் கைவைத்துக் குழம்பை எடுக்கிற உரிமை அவளுக்கு மட்டும் உண்டு. புருஷன் போன பிறகு ஒரு துண்டு நிலம், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு என்று வைத்துக்கொண்டு இரண்டு மகள்களை வளர்த்துவந்தாள். கோடையிலும் வற்றாத கிணறு அது. ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் கேட்டாள்.

“அக்கா, எங்க காட்டுக்கு மேக்கால சாயப்பட்டறை வருதுன்னு பேசிக்கறாங்க. நீ பிரசிடெண்டா இருக்கறப்ப அது வரலாமாக்கா? நிறுத்திப்போடு.”

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தச் சொல்லை அப்படியே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் நம்பினாள். இன்றைக்கும் என் நெஞ்சைப் பிடுங்குவது அவள் அன்று நம்பியதுதான்.

குடியரசு தினத்தன்று கிராம சபை கூடியது. வருடத்தில் சில நாள் மட்டும் நான் உட்காருகிற தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு ஒவ்வொருவராக எழுந்து குறை சொன்னார்கள். அவளும் எழுந்தாள். கூட்டத்தில் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் பட்டறை வரக் கூடாது என்று தீர்மானம் போடக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

செயலாளர் புத்தகத்தைப் புரட்டினார். ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று முன்பே தீர்மானம் ஆகிவிட்டது, தலைவர் கையெழுத்தும் இருக்கிறது என்று தேதியோடு வாசித்தார். மனதுக்குள் அந்தத் தேதியை எண்ணிப் பார்த்தேன். அவள் என்னிடம் கேட்டதற்கு நாலாம் நாள். அன்று கம்பெனி கேட் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது என் டிபன் பாக்ஸை வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளும் அவள்தான்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்றாலாவது ஒரு சமாதானம் இருக்கும். நான் பத்தாவது பாஸ். எழுந்து, இது தெரியாமல் நடந்த தப்பு, இப்போதே எதிர்த்துத் தீர்மானம் போடுவோம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் சொல் வந்தது. பின்வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரின் மானம் போய்விடும் என்று விழுங்கிவிட்டேன். யாரிடமும் சட்டென்று எரிந்து விழுகிறவள் நான். எரிய வேண்டிய அன்றைக்கு ஈர விறகாக உட்கார்ந்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சரிங்க தலைவரம்மா. நீங்க பாத்துத்தானுங்க போட்டிருப்பீங்க.”

பட்டறை வந்தது. அடுத்த மழைக்கே கிணற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது, மாடுகள் வாய் வைக்கவில்லை. இரண்டையும் விற்றுவிட்டாள். அப்புறம்தான் நான் அரிசி டப்பாவின் மேலிருந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மனு எழுதி, கணவருக்குத் தெரியாமல் மூன்று அலுவலகம் ஏறினேன். மூன்று இடத்திலும் என் கையெழுத்தைத்தான் எனக்கு எடுத்துக் காட்டினார்கள்.

பதவிக்காலம் முடிந்துவிட்டது. நானும் அவளும் இன்னும் எதிரெதிரே உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் அவள் வேறு பெண்களோடு போய்விடுகிறாள். என் குழம்பு மிஞ்சுகிறது.

போன மாதம் ஆடிட்டுக்குத் தாள் வந்தது. நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் சத்தம் போட்டார், பெண்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“படிங்க தலைவரம்மா. பொறுமையாப் படிங்க” என்றாள்.

தன் தாளில் குறி இருந்த இடத்தில் பெயரை எழுதித் தள்ளிவிட்டு, அடுத்த பனியனை எடுத்துக்கொண்டாள்.