கப்டன் சொன்ன குழந்தை

கப்பலோடு சேர்ந்து சாகாத கப்டனுக்கு எங்கள் சனத்திடம் என்ன மரியாதை கிடைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். பாரிசின் லா சப்பலில், நான் நூலால் புருவம் எடுக்கும் வேலை செய்கிற சலூனுக்கு நேர் எதிரே ஒரு மரக்கறிக்கடை இருக்கிறது. காலையில் லொறி வந்து நின்றதும் நிலவறையிலிருந்து மெலிந்த மனிதர் ஒருவர் ஏறி வந்து கத்தரிக்காய்ப் பெட்டிகளை இறக்குவார். தெருவால் போகிற யாராவது, கடல் எப்படிக் கப்டன், இன்றைக்கு அலை கூடவோ என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் தலையை நிமிர்த்த மாட்டார். நானும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறேன். வயிறு எரிந்தபடி சிரித்த சிரிப்பு அது. அவர் ஓட்டிய படகில்தான் என் அக்காவின் கணவரும் ஏறினார். கடைசியில் பாரிசுக்கு வந்து சேர்ந்தவர் கப்டன். அத்தான் வரவில்லை.

அக்காவுக்கு இங்கே கார்த், அதுதான் வதிவிட அனுமதி, இருந்தது. திருச்சியில் போய்க் கலியாணம் செய்து, வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்தாள். அத்தானைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வீடு சின்னது என்றார்கள், சம்பளம் காணாது என்றார்கள். மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அத்தானிடம் ரியூனியன் தீவைப் பற்றிச் சொன்னான். அதுவும் பிரான்ஸ்தான், அங்கே கால் வைத்தால் பாரிசில் கால் வைத்த மாதிரி, பிறகு உள்ளூர் விமானம் ஏறி வரவேண்டியதுதான் என்றான். வரைபடத்தில் பார்த்தால் இந்தியாவுக்கும் அந்தத் தீவுக்கும் நடுவே ஒரு சாண் நீலம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று சின்ன வயதிலிருந்து படித்த சனம், அந்த ஒரு சாணைப் பார்த்து மீன்பிடிப் படகில் ஏறியது. நானும்தான் போனில், வாங்கோ அத்தான், இனி என்ன பயம் என்று சொன்னேன்.

ஏறுவதற்கு முதல் அவர் அக்காவோடு போனில் பேசினார். கடைசியில் மகளோடு பேசக் கேட்டிருக்கிறார். அவள் தொலைக்காட்சியில் பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசுகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னாள். இதை அவளுக்கு யாரும் நினைவுபடுத்துவதில்லை. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

படகு நடுக்கடலில் மூழ்கித் தாண்டுபோனது. சரக்குக் கப்பல் ஒன்று சிலரை மட்டும் தூக்கியது. அந்தச் சிலரில் அத்தான் இல்லை. அதன் பிறகு வராத கதை இல்லை. மாலைதீவுச் சிறையில் ஆளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். ஆபிரிக்கக் கரையில் புத்தி பேதலித்துத் திரிகிறார் என்று இன்னொருவர் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். காலையில் பொட்டு வைத்து, தாலியைக் கண்ணில் ஒற்றி, எங்கள் வீடு இருந்த லா கூர்னெவிலிருந்து ரயில் ஏறி ஹோட்டல் அறைகள் துடைக்கப் போனாள். மாமியார் ஊரிலிருந்து போன் எடுத்து, இனி மனதைத் தேற்றிக்கொள் பிள்ளை என்று சொன்னால் அவளிடம் ஒரு பதில்தான் இருக்கும்.

"ஒருத்தரும் காணேல்லைத்தானே மாமி. செத்ததெண்டு சொல்லாதேங்கோ."

அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். இருக்கிறார் என்ற நம்பிக்கையும் அவளிடம் முழுதாக இல்லை, இல்லை என்ற துக்கமும் இல்லை. அழக்கூட மாட்டாள். அழுதால் அவர் செத்துவிடுவார் என்று பயந்தாள். பஜோல் தெருக் கோயிலடியில் ஐயர் ஒருவரைப் போய்க் கேட்டோம். உடல் கிடைக்காவிட்டால் பன்னிரண்டு வருடம் பார்க்கவேண்டும், ஆனால் முடிவைக் கண்ட ஒருவர் வாயால் சொன்னால் தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம், ஆன்மா அந்தரத்தில் நிற்கக்கூடாது என்றார். எனக்கு ஆன்மாவைப் பற்றிக் கவலை இல்லை. அந்தரத்தில் நின்றவள் என் அக்கா.

அப்படிச் சில வருடங்கள் போனபிறகுதான் கப்டன் லா சப்பலில் வந்து இறங்கினார். எந்தச் சிறையில் இருந்தார், எந்த வழியால் வந்தார் என்று எனக்குத் தெரியாது. உண்மையில் அவர் கப்டனும் இல்லை. கடற்றொழில் செய்தவர், எஞ்சின் தெரிந்தவர். நீ ஓட்டு, உனக்குக் காசு வேண்டாம் என்று, ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்டான். ஆனால் கடைவாசலில் நின்று தேநீர் குடிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? ஓட்டினவன் தப்பிவிட்டான், ஏறினவர்கள் போய்விட்டார்கள். தீர்ப்பு எழுத அது போதும்.

அக்காவை நான்தான் அங்கே இழுத்துக்கொண்டு போனேன். நிலவறைப் படியில் நின்றபடியே கேட்டேன். கண்டீர்களா, இல்லையா, ஒரு சொல் சொல்லுங்கள் என்று அதட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் வாடிய கறிவேப்பிலைக் கட்டு.

"கையிலை ஒரு வெறும் பிளாஸ்டிக் கான் வைச்சிருந்தவர், அக்கா. அதைப் பிடிச்சுக்கொண்டு மிதந்தவர். பக்கத்திலை ஒரு சின்னப்பிள்ளை தத்தளிச்சுது. கானை அதின்ரை கையிலை குடுத்திட்டார். அதுக்குப் பிறகு ஆள் எழும்பேல்லை."

அக்கா படியிலேயே உட்கார்ந்தாள். வெங்காய மூட்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இத்தனை வருடமும் அழாததை எல்லாம் அங்கே அழுதாள். கடைக்காரர் மேலே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வீட்டுக்கு வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். மகளைக் கூப்பிட்டு, உன் அப்பா எப்படிப்பட்ட மனிதர் தெரியுமா என்று அந்தக் கதையைச் சொன்னாள். மாமியாருக்கு எடுத்துச் சொன்னாள். நாள் குறித்தாள். தர்ப்பை, எள், செம்பு எல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்தாள். நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இடையில் ஒரு சின்ன விடயம் நடந்தது. சலூனுக்குப் புருவம் எடுக்க வந்த ஒரு பெண்ணின் தம்பியும் அதே படகில் போனவன். கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தவள், தன் தம்பி கானை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனானாம் என்றாள். எனக்கு நூல் கையில் நின்றுவிட்டது. பிறகு நினைத்தேன், எங்கள் சனம் நகையையே இரவல் வாங்கிப் போடும், கதையை வாங்காதா? அக்காவின் கதையை எங்கேயோ கேட்டுவிட்டுச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

காரியத்துக்குச் சில நாள் இருக்கும்போது அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எக்ஸ்போசே வந்தது. வகுப்பின் முன் நின்று ஒரு விடயத்தைப் பற்றிப் பேசவேண்டும். அவள் டைட்டானிக் கப்பலின் கப்டனைத் தெரிவு செய்திருந்தாள். வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று எரிந்து விழுந்தேன். அக்கா வேலையில் இருந்தாள். குசினி மேசையில் என்னை உட்காரவைத்துப் பிரெஞ்சில் பேசிப் பழகினாள். பனிக்கட்டி இருக்கிறது என்று முன்கூட்டியே செய்தி வந்தும் கப்பல் வேகமாகப் போனதாம். எல்லாருக்கும் காணுமளவு உயிர்காப்புப் படகுகள் இல்லையாம். கப்பல் கம்பனியின் பெரிய மனிதர் ஒருவர் படகில் ஏறித் தப்பியதால் சாகும்வரை அவரை ஊர் திட்டியதாம். மூழ்கின கப்டனுக்கோ சிலை வைத்தார்களாம். எனக்குக் கோபம் வந்தது. செத்ததைத் தவிர அந்த ஆள் யாருக்கு என்ன செய்தார் என்று கேட்டேன். தானும் அதைத்தான் கேட்கப்போகிறேன் என்றாள்.

பிறகு அவருடைய முடிவுக்கு வந்தாள். அவர் எப்படிச் செத்தார் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. உடல் கிடைக்கவில்லை. சுக்கான் அறையிலேயே நின்றார் என்று சிலர். தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று சிலர். கடைசியாக ஒரு கதை. அவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீந்தி வந்து, அதைப் படகில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, தான் ஏறாமல் தண்ணீருக்குள் திரும்பிப் போனாராம்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சலூன் கதிரையில் சாய்ந்திருந்த பெண் என் நினைவுக்கு வந்தாள். என் முகம் எதையும் ஒளிக்கத் தெரியாத முகம்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. லா சப்பலுக்கு வந்து, சலூனைத் தாண்டி நேரே எதிர்க் கடைக்குள் போனாள். நூலைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். கப்டன் வாசலில் வெண்டிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"உங்கடை போட்டிலை எத்தினை பிள்ளையள் இருந்தவை?"

அவர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாருடைய மகள் என்று விளங்கியிருக்க வேண்டும். கையில் இருந்த வெண்டிக்காயைப் பெட்டியில் வைத்தார்.

"பிள்ளையள் ஒருத்தரும் இல்லை, மகள். எல்லாம் ஆம்பிளையள்தான்."

அப்ப என் அப்பா என்று கேட்டாள். சரியான இருட்டு, ஒருவர் முகத்தையும் தான் காணவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை என்றார். பொய்யா சொன்னீர் என்று நான் பாய்ந்தேன். அவர் மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"எல்லாரும் வந்து கண்டனீங்களோ எண்டுதான் கேக்கினம், தங்கச்சி. எனக்கு வேறை கதை தெரியாது."

நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். பொய்யன் என்றேன், பிணத்தில் கதை கட்டுகிறவன் என்றேன். என் தொண்டை லா சப்பல் ஸ்டேசன்வரை கேட்கும். அன்று பின்னேரமே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கானைக் குழந்தைக்குக் கொடுத்தவர்களின் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தக் கடைக்கு வந்தார்கள். ஒரு பெண் அவர்மேல் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஒரு வயதானவர் கடைவாசலில் நின்றுவிட்டுப் போனார். கப்டன் எல்லாருக்கும் முன்னால் தலையைக் குனிந்தபடி தக்காளி பொறுக்கினார்.

அக்கா வேலையால் வந்ததும் மகளே சொல்லிவிட்டாள். அக்கா விழுந்துவிடுவாள் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "போட்டிலை எல்லாம் பெடியள்தான், பயப்பிடாதை எண்டு ஏறமுதல் போனிலை சொன்னவர்."

தெரிந்துகொண்டா நாள் குறித்தாய், தெரிந்துகொண்டா அப்படி அழுதாய் என்று கேட்டேன். அவள் மகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஆரோ ஒருத்தர் கண்டதெண்டு சொன்னால் காணும் எண்டு இருந்தது. இப்ப உனக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். இனி ஆருக்கு முன்னாலை இருந்து நான் கொள்ளி வைக்கிறது?"

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவோரம் இருந்த பையை அக்கா எடுத்து அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். ஐயருக்கு என்னைப் போன் எடுக்கச் சொன்னாள். வேறு நாள் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். காலையில் அக்கா கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைத்ததைப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றாள். அந்த ஒரு வாரம் வந்துபோன என் அக்கா, வெங்காய மூட்டையில் சாய்ந்து அழுத என் அக்கா, பிறகு வரவே இல்லை.

மகளின் எக்ஸ்போசேக்கு நல்ல புள்ளி கிடைத்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே கப்டன் கடைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நிலவறையில் அவருடைய குளிர்ச்சட்டை ஆணியில் தொங்குகிறது என்று கடைக்காரர் சொன்னார். தெரு தன் வேலையைத் தொடங்கியது. லண்டனுக்குப் போய்விட்டார் என்றார்கள். போலிஸ் பிடித்து அனுப்பிவிட்டது என்றார்கள். ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கம், கால்வாய் ஓரமாக, பின்னேரம் ஒரு மனிதர் நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், திரும்பிப் பார்த்தால் ஆளில்லை என்றும் ஒரு கதை வந்தது. கதை கதையாக வந்தது. கண்டேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. முன்பு கடல் எப்படி என்று கேட்டுச் சிரித்தவர்கள்தான் இப்போது, பாவம் நல்ல மனிதர் என்றார்கள். மூழ்கின பிறகு அவருக்கும் மரியாதை வந்துவிட்டது.

நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் எதிர்க் கடையைப் பார்ப்பேன். நிலவறைப் படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் நின்று எட்டிப் பார்ப்பேன். அன்று நடுத்தெருவில் நின்று கத்திய வாயை என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டிருக்கும்போது அக்காவிடம் அதைச் சொன்னேன். அந்தக் கால்வாய்க் கதையை நான் நம்பத் தொடங்கிவிட்டேன், அந்த மனிதர் இனி இல்லை என்றேன். அக்கா கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஆரும் கண்டவையோ?"

இல்லை என்றேன்.

"அப்ப செத்ததெண்டு சொல்லாதை" என்றாள்.