புதுவீட்டுக்குப் போன பெட்ரோல் மண்

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் நான் மேனேஜர். மேனேஜர் என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அப்புறம் மூக்குக்கு மேல் கோபம். தினமும் காலையில் டேங்குக்குள் கோல் விட்டு அளப்பது என் வேலை. ஐப்பசி மழையின்போது, விற்றதைவிட அதிகமாகவே டேங்கில் பெட்ரோல் குறைந்துகொண்டு வந்தது. யாரோ எடுக்கிறார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. பம்பில் நின்றவர் ஒரே ஒருவர்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலைந்து டாக்சிக்காரர்கள் நிற்கும்போதே, "திருட்டுப் புத்தி உன்ன விட்டுப் போகாதாய்யா?" என்று கத்தினேன். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே, வண்டியே நிற்காத இடத்தில், தேங்கிய மழைத்தண்ணீர் கலர் கலராக மினுங்கியது. தோண்டிப் பார்த்தால், பூமிக்கடியில் போன இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. திருடன் அதுதான்.

உடனே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மேனேஜர் கேட்பதா? அதற்குப் பதிலாகப் பெரிய மனசு பண்ணினேன். எங்கள் பக்கம் யார் பள்ளம் தோண்டினாலும், வீடு கட்டுகிற யாராவது வந்து தரை நிரப்ப அந்த மண்ணைக் கேட்பார்கள். பம்ப்காரர் அப்போது சின்னதாக ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். "மண்ண நீயே எடுத்துக்கய்யா" என்றேன். மூன்று மாட்டுவண்டி மண் போயிற்று. விஷயம் அதோடு முடிந்தது என்று நிம்மதியானேன்.

மண்ணில் பெட்ரோல் நெடி அடிக்காதா என்று கேட்பீர்கள். அடிக்கும். ஆனால் வருஷக்கணக்கில் அதிலேயே நின்று எங்கள் இருவருக்கும் மூக்கு செத்துப் போயிருந்தது.

மூன்று வாரம் கழித்து, புதுக் குழாயைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். "தோண்டின மண்ண எங்க போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். மனிதர் பதறிவிட்டார். "அத வெட்டவெளியில மெலிசாப் பரப்பி ஆற விடணும் சார்! வீட்டுக்குள்ள கெடந்தா ஆவி கெளம்பி நிக்கும். ஒரு தீக்குச்சி போதும்!"

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். லீவு கொடுத்ததே நான்தான்.

மொபெட்டில் பறந்தேன். கூடத்தின் நடுவே மூன்று செங்கல், மேலே பால் பானை, அடியில் சுள்ளி. பம்ப்காரரின் மனைவி தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். "பத்த வெக்காதே!" என்று வாசலிலிருந்தே அலறினேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பம்ப்காரர் எழுந்து வந்தார். "இங்கயும் வந்து மானத்த வாங்கணுமா சார்?"

"தரையில பெட்ரோல் இருக்குய்யா! எல்லாரும் ஜல்தியா வெளிய வாங்க!"

வெளியே வந்ததும் அந்த அம்மாள் தீப்பெட்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "வாசன வந்துக்கினேதான் இருந்துச்சு. இவரு சட்டையில அடிக்குதுன்னு நெனைச்சிக்கினேன்" என்றார். மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே தரையைத் தோண்டி, அந்த மண்ணை ஊருக்கு வெளியே தரிசில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயவைக்கிற மாதிரி பரப்பினோம். பீடி பிடிக்கிறவர்கள் வராதபடி சுற்றிலும் முள் போட்டோம். மழை வந்தால் தார்ப்பாய். தினமும் சாயங்காலம் மண்வெட்டியால் கிளறிவிடுவது நான்தான். எங்கள் மூவரில் உயிரோடு இருந்த மூக்கு அந்த அம்மாளுடையது, அதனால் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு கை மண்ணை எடுத்து மோந்து, "இன்னும் கீது" என்பார். மறுபேச்சில்லாமல் மண்வெட்டியை எடுப்பேன். தை பிறந்து ஒரு நாள், "போயிடுச்சு" என்றார். வீட்டுக்கு வேறு மண் அடித்து, அந்த மாதமே மறுபடி பால் காய்ச்சினார்கள்.

பால் குடித்துவிட்டுக் கிளம்பும்போது பம்ப்காரரிடம், "வேற எதுனா வேணும்னா சொல்லுங்க" என்றேன். எப்படியோ 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் வேணாம் சார். அன்னிக்கி டாக்சிக்காரங்க எதிர்ல திருடன்னீங்க. இல்லன்னு அவங்க எதிர்லயே சொல்லிடுங்க, போதும்."

இதற்கு இரண்டு மாதம் மண் கிளறியதே தேவலை. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு, அன்று நின்றிருந்த டாக்சிக்காரர்களில் ஒருவர் பெட்ரோல் போட வந்தபோது எழுந்து போனேன்.

"அன்னிக்கி இவரப் பத்தி ஒண்ணு சொன்னேனே..."

"எப்போ சார்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே" என்றார் அவர்.

தப்பித்தேன் என்று திரும்பினேன். பம்ப்காரர் குழாயைப் பிடித்தபடி, தலை நிமிராமலே சொன்னார்.

"எனக்குக் கீது சார். சொல்லுங்க."

"இவரு எடுக்கல. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன், அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில்.