லேடி மார்த்தாவுக்கு ஆறு வரி

போன கிழமை பேசாலையில் வாங்கிவந்த கட்டாக் கருவாட்டுப் பொதியை அடுப்படியில் அவிழ்த்தேன். கருவாட்டு வாடையையும் மீறி அச்சு மை மணத்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சரி, நம்பவேண்டாம். கண் கண்டதை வைத்து மூக்கு கதை கட்டியிருக்கலாம். பொதியைச் சுற்றியிருந்தது குதிரைப் பந்தயத் தாள். குதிரைகளின் பெயர்கள், பக்கத்தில் இலக்கங்கள், அதற்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள். ஒன்றுக்கு மூன்று, இன்னொன்றுக்கு ஐந்து. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வசனம்கூட இல்லை. கருவாட்டை ஊறப்போட மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்த மன்னார்த் தீவில் கண்ணில் படுவதெல்லாம் கழுதைதான். பஸ் நிலையத்தடியில் கூட்டமாக நிற்கும், வாழைப்பழத் தோலைக் கண்டால் பின்னாலேயே வரும். குதிரையை நான் நேரில் கண்டது இன்றுவரை இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் ஆகக் கூடுதலாகப் பொறாமைப்பட்டது ஒரு குதிரையைப் பார்த்துத்தான். பார்த்து என்பதும் பிழை. அவளைப் பற்றி வாசிக்கக் கேட்டு.

கலியாணம் முடித்த புதிதில் தோட்டவெளியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். நான் பாலர் பாடசாலையில் படிப்பித்தேன். என் மனுசன் பேசாலையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். சனிக்கிழமைகளில் மட்டும் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மன்னார் டவுனுக்குப் போவார், அங்கே பந்தயம் கட்டும் புக்கிக்கடைக்கு. குதிரை ஓடுவது இங்கிலாந்தில், காசு கட்டுவது மன்னாரில். கொஞ்சம் போகும், எப்போதாவது கொஞ்சம் வரும். அதற்காகத்தான் நான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று அயலட்டை நினைத்தது. காசு போனால் போகட்டும். என் வயிறு எரிந்தது அவர் வாசித்த வசனங்களுக்கு.

அந்த நாளில் இரண்டு பந்தயத் தாள்கள் வந்தன. ஒன்றில் எந்தக் குதிரைக்கும் ‘வாய்ப்பு உண்டு’ என்றே எழுதியிருக்கும். இவர் அதைக் கையாலும் தொடமாட்டார். “பன்ரெண்டு குதிரை ஓடினால் பன்ரெண்டுக்கும் வாய்ப்பு உண்டாம். உதைச் சொல்ல ஒரு ஆளும் வேணுமே?” என்பார். மற்றத் தாளில் குறிப்பு எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பெயர் போடுவதில்லை. ஆனால் அந்த ஆளுக்குக் கண் இருந்தது. வென்ற குதிரையை விட்டுவிட்டு ஆறாவதாக வந்ததைப் பற்றி எழுதுவார். எந்தத் திருப்பத்தில் அதற்கு வழி கிடைக்கவில்லை, எந்தத் தரையில் அதன் கால் கூசுகிறது, முதுகில் ஏற்றிய பாரம் நியாயம்தானா என்றெல்லாம். நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றி மற்றக் குதிரைகளோடு சமப்படுத்தி விடுவார்களாம். இவர் அதைப் பெரிய புதினமாகச் சொன்னார். நாலு மருமகள்மார் உள்ள வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கு அது புதினமாக இருக்கவில்லை.

லேடி மார்த்தா ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரை. வேதாகமத்தில் வரும் மார்த்தா பாவம், அடுப்படியே கதியென்று கிடந்தவள். இந்த மார்த்தாவோ பச்சைப் புல்லில் ஓடித் திரிந்தாள். அடுப்படியில் நின்றது நான். இவர் கதிரையை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, பூசைக்கு வாசகம் வாசிப்பதுபோல வாசிப்பார்.

“கடந்தமுறை பின்தங்கியதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். கடைசித் திருப்பத்தில் இரண்டு குதிரைகளுக்கு நடுவில் அகப்பட்டாள். வெளியே வந்தபோது பந்தயம் கையை விட்டுப் போயிருந்தது. ஆனாலும் கோட்டைத் தாண்டும்வரை ஓட்டத்தை அவள் குறைக்கவில்லை. தரை இறுகியிருந்தால் நம்பவேண்டாம். மழை பெய்தால் மறக்கவேண்டாம்.”

வாசித்து முடித்ததும் தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். “கேட்டியே? எழுத்தைக் கேட்டியே?”

“ஓம், ஓம். கேட்டனான்.”

நான் தேங்காய் துருவிய வேகத்துக்குச் சிரட்டையும் சேர்ந்து வந்திருக்கும். ஆறு வரி! அவள் களைத்தது, அகப்பட்டது, விடாமல் ஓடியது எல்லாவற்றையும் கடலுக்கு அங்கால் ஒரு ஆள் கவனித்து எழுதுகிறார். அதை இங்கே ஒரு ஆள் நெஞ்சுருக வாசிக்கிறார். பிறகு அதே ஆள் சாப்பிட உட்காருவார். கறி எப்படி என்று கேட்டால் “நல்லாயிருக்கு.” புதுச் சீலை எப்படி? “நல்லாயிருக்கு.” காய்ச்சலில் மூன்று நாள் படுத்து எழும்பினால், “இப்ப பரவாயில்லையே?” அந்த முதலாவது தாளைக் கையாலும் தொடாத மனுசன், எனக்கு மட்டும் அந்தத் தாளாகவே இருந்தார். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மிருகத்தோடு போட்டி போடுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த வருடத் தவக்காலத்தில்தான் கோயிலில் புலம்பல் படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் மாதாவின் துயரத்தை ராகத்தோடு படிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழமையாகப் படிக்கும் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு கிழமையாக வீட்டில் படித்துப் பழகினேன். மாதாவுக்காகத்தான் படித்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பின் வரிசையில் நிற்கப்போகும் ஒரு மனுசனுக்காகவும் படித்தேன். படித்து முடித்து, அவருடைய சைக்கிள் பாரில் ஏறியதும் கேட்டேன்.

“எப்பிடி இருந்தது?”

“நல்லாயிருந்தது.”

சைக்கிளை நிற்பாட்டச் சொல்லி இறங்கிவிட்டேன். “மார்த்தாவுக்கு ஆறு வரி. எனக்கு ஒரு சொல்லே?”

“எந்த மார்த்தா?” என்றார். பிறகு விளங்கியது. “நீ மட்டும் என்னவாம்? பிள்ளையளின்ர றிப்போட்டில எல்லாருக்கும் ‘நல்ல முயற்சி’ எண்டுதானே எழுதுறாய்?”

சொன்னது சரிதான். அதனால் கோபம் இரட்டிப்பாகி, வேகமாக நடந்தேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பனைகள் முடிந்து வீட்டுக்கூரைகள் தெரியும் இடத்தில், முகத்தைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார்.

“தொடக்கத்தில அவசரப்பட்டுப் போனாய். ரெண்டாம் பந்தியில மூச்சுக் காணாமல் ஒரு சொல்லை விழுங்கிப்போட்டாய். பிறகு பின்னுக்கு வாங்கில இருந்த ஒரு குழந்தை கத்திச்சுது. வேற ஆரும் எண்டால் அதுக்கு மேலால குரலைக் கூட்டியிருப்பினம். நீ இறக்கினாய். அதோட சனம் அடங்கிப்போச்சு. அடுத்தமுறை மெல்லத் தொடங்கு, கடைசிப் பந்தியில உன்னைப் பிடிக்க ஆளில்லை.”

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆறு வரிக்குக் குறையாது. சந்தோசத்தில் சைக்கிளில் திரும்ப ஏறினேன். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அடுத்த பொறாமை பிடித்துக்கொண்டது. இப்படிப் பார்க்க இவர் யாரிடம் படித்தார்? அந்தப் பெயர் தெரியாத ஆளிடம். யாரை வைத்துப் பழகினார்? மார்த்தாவை வைத்து. எனக்குக் கிடைத்தது அவள் பாவித்த சீலை என்று நினைத்து அன்றிரவும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தவக்காலமும் கோயிலால் வரும் வழியில் எனக்குக் குறிப்பு கிடைத்தது. சில வருடம் கடுமையாக இருக்கும். “இந்தமுறை நீ ராகமாப் படிக்கேல்லை, சும்மா வாசிச்சாய்” என்று ஒருமுறை சொன்னதற்கு, இரண்டு நாள் நான் கோபித்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் சொன்னது உண்மை. சனிக்கிழமைகளில் நானே கேட்கவும் தொடங்கினேன். “இண்டைக்கு அவ ஓடுறாவோ?”

ஒரு சனிக்கிழமை தாள் வந்தது, குறிப்பு வரவில்லை. எழுதியவர் செத்துப்போனாரா, அலுத்துப்போனாரா, புக்கிக்கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மார்த்தாவுக்கு இரண்டு. பிறகு அவள் பெயரும் நின்றுபோனது. இவர் கொஞ்ச நாள் தாளை வெறுமனே மடித்து வைத்திருந்தார். பிறகு போன் வாங்கினார், கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். சக்களத்தி தொலைந்தாள் என்று நான் மெழுகுதிரி கொளுத்தியிருக்கவேண்டும்.

இந்தத் தவக்காலத்திலும் புலம்பல் படித்தேன். குரல் பழையபடி இல்லை, எனக்கே தெரியும். வரும் வழியில் கேட்டேன்.

“எப்பிடி இருந்தது?”

“நாலு ஸ்டார்,” என்றார், பகிடியாகத்தான்.

“மற்ற ஒண்டு எங்க குறைஞ்சது?”

அவர் நின்று யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பாவமாக இருந்தது எனக்கு. “தெரியேல்லையப்பா,” என்றார்.

கருவாட்டை எடுத்து ஊறப்போட்டுவிட்டு, பொதியைச் சுற்றியிருந்த அந்தத் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பார்த்தேன், மார்த்தா என்று எங்கேயாவது இருக்கிறதா என்று.