கையை எடுத்த பிறகும் கேட்ட தறி

சென்ற ஆண்டு ஆடி மாதம், சின்ன காஞ்சிபுரத்தில் என் தங்கை வீட்டில் நடந்தது இது.

தங்கையின் கணவர் பட்டு நெய்பவர். அவர்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஓடுகிற தறிக்குப் பக்கத்திலேயே அசையாமல் தூங்குவாள். "நெசவுக்காரன் பொண்ணுன்னா சும்மாவா!" என்று தெருவே மெச்சியது. தாய்மாமன் என்ற முறையில் கூடுதலாக மெச்சியவன் நான். அந்தப் பெருமையில் ஒரு வருஷத்துக்கு மேல் திளைத்த பிறகுதான், அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று தெரிந்தது.

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. நான் புத்தகப் புழு; சும்மா இருப்பேனா? உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள், அதிலுள்ள நுண்மயிர்கள்தான் அதிர்வை நரம்புக்குச் சொல்லும், இவளுக்கு அந்த வேலையைச் சுருளுக்குள் செருகிய மெல்லிய மின்கம்பி செய்யும் என்று எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். "அண்ணா, டாக்டரே இவ்ளோ நேரம் பேசலை," என்றாள் தங்கை.

காயம் ஆறி, கருவியை இயக்கி வைக்கும் நாள் வந்தது. அவள் கேட்கும் முதல் சொல் 'மாமா'வாக இருக்க வேண்டுமென்று கண்ணாடி முன் ஒத்திகையே பார்த்திருந்தேன். சொன்னேன். குழந்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தம்னு ஒண்ணு இருக்குதுன்னே அவளுக்குத் தெரியாதும்மா. மூளை கத்துக்கணும், பொறுமையா இருங்க," என்றார் கருவியை இயக்கிய பெண்மணி. தங்கை தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை, வெளிச் சத்தத்தை உள்ளே இருக்கும் கம்பிக்கு அனுப்ப, தலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த வில்லையைப் பிடுங்கி இரும்பு பீரோவில் ஒட்டினாள். எங்கள் வீட்டில் முதலில் காது வந்தது பீரோவுக்குத்தான். தங்கை அதை எடுத்து மறுபடி மாட்டிவிட்டு, "கேக்கவே இல்லன்னா இன்னாண்ணா பண்றது?" என்றாள். அத்தனையும் படித்த நான், வில்லை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

ஆவணி முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றதால் மாப்பிள்ளை தறியில் உட்கார்ந்தார். குழந்தை வழக்கம்போலப் போய்த் தறிக்காலில் உள்ளங்கையை வைத்தாள். மரத்தில் ஓடும் அந்த அதிர்வு ஒன்றுதான் அதுவரை அவளுக்குத் தெரிந்த தறி. சற்று நேரத்தில் கையை எடுத்தாள். அப்படியே நின்றாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள், எடுத்தாள். கண்கள் விரிந்தன. கையை எடுத்த பிறகும் தறி நிற்கவில்லையே!

"ஏய், ஓடியா! கொழந்தைய பாரு!" என்று கத்திய மாப்பிள்ளை, பதற்றத்தில் நெய்வதை நிறுத்திவிட்டார். அவளுக்கு வந்ததே கோபம்! தறிக்காலைப் படபடவென்று அடித்தாள்.

"நிறுத்தாதீங்க மாப்ளே, ஓட்டுங்க!"

"கண்ணு மறைக்குது மச்சான், இழை தெரியலை."

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது, ஓட்டுங்க!"

தறி ஓடியது. அவள் எதையும் தொடாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கீச்சிட்டாள். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். நான் என்ன செய்தேன் என்பதை எழுதுவதாக இல்லை.

'மாமா' அவளுக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. தறிக்கு அடுத்த இடம் கிடைத்ததே எனக்குப் போதும். ஆனால் இன்றும் எங்காவது தறி ஓசை கேட்டால், தொடாத ஒன்று தானாக நம்மிடம் வந்து சேர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று, என் வெறும் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.